நத்தை கர்னல் போட்ட பாதை

என் அண்ணன் பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. சிரித்தோம். செருப்புக் கடையை அடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அப்பா, "நீ போய்ச் சேர்றதுக்குள்ள சண்டை முடிஞ்சு ரெண்டு நாடும் சம்பந்தி ஆயிருக்கும்டா" என்றார். வீட்டில் அவனுக்குப் பெயர் நத்தை. வைத்தது நான்தான், அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. அவன் ஷூ கயிறு கட்ட உட்கார்ந்தால், நான் பள்ளிக்கூடம் போய் முதல் பாடமே முடிந்திருக்கும்.

அவனை எடுத்துக்கொண்டது கண்ணிவெடி அகற்றும் பிரிவு. முழங்காலிட்டு, நீளக் கம்பியைச் சாய்வாக மண்ணில் செருகி, தட்டுப்பட்டால் விரலால் மண்ணை ஒதுக்கி, வெடியை எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பாதைக்கு இருபுறமும் வெள்ளை நாடா கட்ட வேண்டும். அவசரக்காரர்கள் அங்கிருந்து கால் இல்லாமல் ஊர் திரும்பினார்கள். பதறாத காரியம் சிதறாது என்று நாமெல்லாம் வாயால் சொல்லிவிட்டுப் போகிறோம், அவன் முழங்கால் தேயத் தேய அதைச் செய்தான். சிப்பாயாகப் போனவன் பரீட்சை எழுதி அதிகாரியானான். காதோரம் நரைத்தபோது கர்னல். அப்பா கடைக்கு வந்த ஒவ்வொரு காலிலும் செருப்பை மாட்டிக்கொண்டே "என் பையன் கர்னல்" என்பார். அந்தப் பேச்சுக்குப் பயந்தே சிலர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் அவன் கடைசிவரை விடவில்லை. அவனுடைய ஆட்கள் சுத்தம் செய்த பாதையில் முதலில் நடப்பவன் அவன்தான். யாரும் கூட வரக்கூடாது. போய்த் திரும்பி வந்து தலையை ஆட்டினால்தான் மற்றவர்கள் கால் வைக்கலாம். கர்னல் ஆன பிறகும் இதே கதை. விடுமுறைக்கு வந்தபோது சமையலறையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குக் கீழ இத்தனை பேர் இருக்கும்போது நீ எதுக்கு நடக்கணும்? உனக்கு மட்டும் வீடு வாசல் இல்லையா?"

"பாதை சரின்னு சொல்றது நான்தானே. நான் நடக்காத வழியில அடுத்த வீட்டுப் பிள்ளையை எப்படிப் போன்னு சொல்றது?"

"பெரிய தர்மராசா. தட்டை எடு, சாப்பிடு."

சிரித்துக்கொண்டே தட்டை எடுத்தான். சாப்பிட்டு முடிக்க வழக்கம்போல ஒரு யுகம்.

அப்புறம் போர் வந்தது. ஒரு மலைமேல் இருந்த ராணுவ ஆஸ்பத்திரியை எதிரி மூன்று பக்கமும் வளைத்துவிட்டான். உள்ளே காயம்பட்டவர்களும் நர்சுகளும் மாட்டிக்கொண்டார்கள். கீழே இறங்க ஒரே சாலை, அது முழுக்கக் கண்ணிவெடி. அவர்களை உயிரோடு இறக்கும் பொறுப்பு என் அண்ணன் தலையில் விழுந்தது. அன்று காலை நல்ல மூடுபனி. அது விலகிவிட்டால் எதிர்மலைப் பீரங்கிக்குச் சாலை பளிச்சென்று தெரியும். வயர்லெஸ்ஸில் ஜெனரல் கத்தியிருக்கிறார்.

"உடனே வண்டிகளைக் கிளப்புங்க. ஒண்ணு ரெண்டு போனாலும் மிச்சம் தப்பிக்கும்."

"எந்த ஒண்ணு ரெண்டுன்னு நீங்களே சொல்லிடுங்க சார்."

நத்தை தன் வேகத்திலேயே வேலையை நடத்தினான். சாலை நெடுக நாடா கட்டி முடிந்ததும் தனியாகக் கீழ்வரை நடந்து, மேலே ஏறி வந்து, தலையை ஆட்டினான். வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

பாதி வண்டிகள் போனதும் பனி விலகிவிட்டது. ஒரு குண்டு வளைவில் விழுந்து நாடாவைப் பிய்த்தெறிந்தது. நாடா இல்லாமல் எங்கே பாதை முடிகிறது, எங்கே வெடி இருக்கிறது என்று எந்த டிரைவருக்குத் தெரியும்? மறுபடி கட்ட நேரமில்லை. ஆனால் அந்த மண்ணைக் காலால் அறிந்த ஒருவன் இருந்தான். பாதையின் விளிம்பில் போய் நின்று கையைத் தூக்கினான். "என்னை உரசிக்கிட்டே வாங்க" என்று வயர்லெஸ்ஸில் சொன்னான். சுற்றிலும் குண்டு விழ, வண்டிகள் அவன் சட்டையைத் தொட்டுக்கொண்டு போயிருக்கின்றன. 'நகருடா, நகருடா' என்று ஆயுசு முழுக்க நாங்கள் விரட்டிய ஆள், அங்கே ஓர் அங்குலம் நகரவில்லை.

மலையிலிருந்து ஒருவர்கூட விடுபடாமல் இறங்கினார்கள். அவன் திரும்பவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் வீரமரணம் வீரமரணம் என்று என் காதைத் துளைத்தார்கள். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியுமா? இல்லை, என்ன ஆயிற்றோ என்ற தவிப்போடு போனானா? சோறு இறங்கவில்லை. ஜெனரல் வந்து நாட்டைப் பற்றி நிறையப் பேசினார். அவரிடமே கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டாரே, அந்த மட்டில் நல்ல மனிதர்.

பிறகு ஒருநாள் வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் என் அண்ணனின் ஜீப் டிரைவர். அன்றைக்குக் கடைசி ஆம்புலன்ஸை ஓட்டியவரும் அவரே. மலையில் நடந்ததாக நான் சொன்னதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான். உட்காரக்கூட விடாமல் கேட்டேன்.

"கீழ வந்து சேர்ந்ததும் நான்தான் அக்கா வயர்லெஸ்ல சொன்னேன், கடைசி வண்டியும் வந்துடுச்சு சார், எல்லாரும் பத்திரம்னு."

"அவன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அக்கா. சிரிச்சாரு. 'சரி, எல்லாருக்கும் டீ போடச் சொல்லு, நான் மெதுவா வர்றேன்'னாரு. அதுக்கப்புறம்தான் அந்தக் குண்டு."

அத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது. துக்கமா பெருமையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் அண்ணன் ஜெயித்தான், ஜெயித்தது தெரிந்து சிரித்துக்கொண்டே போனான். முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஊன்றுகோல்களோடு ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள், உட்கார வீட்டில் இடமில்லை. இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி எல்லோருக்கும் டீ போட்டேன்.