நானும் மூக்கைப் பொத்தியவள்தான்

எட்டாம் வகுப்பில் நாங்கள் ஆறு பெண்பிள்ளைகள். ஐந்து பேர் விவசாயக் குடும்பம். ஒருத்தி மட்டும் கடற்கரை ஊரிலிருந்து நடந்து வருவாள். அவளுடைய அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை போட்டிருப்பாள். கணக்கில் அவள்தான் வகுப்பிலேயே முதல்.

அவள் உள்ளே நுழைந்ததும் ஒருவன் மூக்கைப் பொத்துவான், வகுப்பே பொத்தும். தொடங்கி வைப்பவன் என் அத்தை மகன். நானும் பொத்தினேன். அவளிடமிருந்து எந்த நாற்றமும் வரவில்லை என்பது, அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகவே தெரியும்.

சர்க்கார் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை மகன் அவளுடைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து கிணற்றுக்குள் போட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

"நோட்டக் கெணத்துல போட்டதப் பாத்தவங்க எந்திரிங்க" என்றார் கணக்கு வாத்தியார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் என்னை மட்டும் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் வாத்தியார் அவள் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார். "இனிமே வரமாட்டா போல" என்று அடுத்த பேருக்குப் போனார். ஒரு நொடிதான். அவ்வளவு லேசாக ஒருத்தி பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட முடியுமா என்று இருந்தது எனக்கு. எழுந்து நின்றேன்.

"நான் பாத்தேன் சார். என் அத்தை மகன்தான் போட்டான்."

அவனுக்குப் பிரம்படி விழுந்தது. சாயங்காலமே அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து கத்தினாள். "சொந்த ரத்தத்தக் காட்டிக்குடுத்திட்டியேடி!" அய்யா என்னைக் கூப்பிட்டார். "கண்ணால பாத்தியா?" "பாத்தேன்யா." "அப்பச் சரி" என்று மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

சனிக்கிழமை கடற்கரைக்கு நடந்தேன். அவள் மணலில் கருவாடு புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்த? இங்கன நாறுமே" என்றாள்.

"நானும் பொத்துனேன். தப்புத்தான். நீ பள்ளிக்கூடம் வா. அவனுக்கு நல்ல அடி விழுந்திருக்கு."

"அடி வாங்குனவன் சும்மா இருப்பானா? வழியில என்னையத்தான மறிப்பான்?"

அது எனக்குத் தோன்றவேயில்லை. "அப்ப நான் கூட வாரேன். காலையில ரோடு பிரியிற இடத்துல நிப்பேன்" என்றேன். அவள் குனிந்து அடுத்த கருவாட்டைப் புரட்டினாள்.

திங்கட்கிழமை நின்றேன். வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் நின்றேன். புதன்கிழமை தூரத்தில் அவள் பாவாடை தெரிந்தது.

அன்றைக்கே ஹெட்மாஸ்டரிடம் போனோம். "அடிக்க வேணாம் சார். மூக்கப் பொத்துறத நிறுத்தச் சொல்லுங்க. அவ பக்கத்துல நான் உக்காந்துக்கிறேன்" என்றேன். அவர் வகுப்புக்கு வந்தார். மூக்கில் கை வைப்பவன் அப்பனைக் கூட்டிக்கொண்டுதான் மறுபடி உள்ளே வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பில் கேலி நின்றது, வழியில் நிற்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அத்தை மகன் இரண்டு பேரோடு முள் அடர்ந்த உடைமரத்துப் பக்கம் மறித்தான். அதற்குள் மற்ற நாலு பெண்களையும் ஒவ்வொருத்தியாகக் கெஞ்சிக் கூட்டுச் சேர்த்திருந்தேன். ஆறு பேரும் நின்றோம்.

"நீ எங்க வீட்டுப் புள்ள. தள்ளு" என்றான் என்னிடம்.

"தள்ள மாட்டேன். நாளைக்கும் இப்பிடித்தான் வருவோம். பரீட்சை முடியிற வரைக்கும் வருவோம். நீ தெனமும் வந்து நில்லு, பாப்போம்." அவன் கூட வந்தவர்கள் முதலில் விலகினார்கள். பிறகு அவனும் மண்ணை உதைத்துவிட்டுப் போனான்.

தினமும் மத்தியானம் என் நோட்டைப் பார்த்துப் புது நோட்டில் அவள் எழுதினாள். நான் தப்பாகப் போட்டிருந்த கணக்குகளைத் திருத்தியும் கொடுத்தாள். கடைசிப் பக்கம் எழுதி முடித்த அன்று, "என் மேல இன்னும் கோவம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள். "ஆனா நாளைக்கும் வந்து நில்லு."

பரீட்சையில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். அத்தை வீட்டில் இரண்டு வருஷம் எங்களோடு பேச்சில்லை. ஒரு நாள்கூட அதற்காக நான் வருத்தப்படவில்லை.