வாப்பாவின் முழு முகம்

என் வாப்பா கட்டாரில் ஒரு செல்வந்தரின் குதிரை லாயத்தில் வேலை செய்தார். அந்த முதலாளி தன் குதிரைகள் பந்தயங்களில் வென்ற கதையைச் சொல்வதற்கென்றே அரபியில் ஒரு சஞ்சிகை நடத்தினார். வாப்பா லீவில் எங்கள் ஊரான கல்முனைக்கு வரும்போதெல்லாம் அதில் ஒன்று கொண்டுவருவார். அரபெழுத்துத் தரையில் படக்கூடாது என்று உம்மா அதைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைப்பார். எங்கள் வீட்டில் எனக்கில்லாத மரியாதை அந்தக் குதிரைகளுக்கு இருந்தது.

படங்களில் குதிரை இருக்கும், கோப்பை இருக்கும், முதலாளி இருப்பார். கடிவாளம் பிடித்த வாப்பாவின் கை மட்டும் ஓரத்தில் தெரியும். எனக்கு அதில் பெரிய கோபம்.

எங்கள் பக்கம் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். என் அக்கா, ராத்தாவுக்கான வீடு கூரை மட்டத்தில் நின்றது. வாப்பாவின் சம்பளம்தான் அதன் கூரை என்று எல்லோருக்கும் தெரியும், மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும்.

நான் குர்ஆன் மதரசாவில் சேர்ந்த வருடம் வாப்பா கொண்டுவந்த சஞ்சிகை மிகவும் மெலிந்திருந்தது. ஆனால் அதில் ஒரு பக்கம் நிறைய வாப்பாவின் முகம்! கீழே இரண்டு வரி. அரபெழுத்தைக் கூட்டி ஓத எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், பொருள் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கே வளர்ந்து அரபு படித்த பிறகுதான் விளங்கியது. “லாயமும் சஞ்சிகையும் இத்துடன் மூடப்படுகின்றன. எங்கள் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு விடைகொடுக்கிறோம்” என்றுதான் அதில் இருந்தது. வாப்பா இதை யாரிடமும் சொல்லவில்லை. லீவு என்றுதான் சொல்லியிருந்தார். பிறகு நற்பிட்டிமுனையில் இருந்த எங்கள் வயலை விற்றுத்தான் கூரை போட்டார்.

அந்த லீவில் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்த அன்று, உம்மா பெருமையோடு என்னைக் கூப்பிட்டார்.

“வாப்பாட படத்துக்குக் கீழ இருக்கிறத ஓதிக் காட்டு மகள்.”

“பாவம், புள்ளைய விடுங்களன்” என்றார் வாப்பா.

நான் விடுவேனா? குர்ஆன் ஓதுவதுபோல் இராகம் போட்டே ஓதினேன். மாப்பிள்ளையின் வாப்பா “மாஷா அல்லாஹ்” என்றார். இன்னொரு தரம் ஓதச் சொன்னார்கள். அந்தச் சபையில் அது விளங்கிய ஒரே ஆள் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிச் சொல்லில், அந்த ‘விடைகொடுக்கிறோம்’ என்ற இடத்தில், எனக்கு நாக்குத் தடுக்கியது. வாப்பா என்னை மடியில் இருத்தி, அந்தச் சொல்லை மெல்லச் சொல்லித் தந்தார். நான் திருப்பிச் சொன்னேன்.

“ஓம், இப்ப சரி” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பிழையில்லாமல் ஓதிய சந்தோஷத்தில்தான் கலங்குகிறார் என்று நினைத்து, கேட்காமலே இன்னும் ஒரு தரம் ஓதினேன்.