மஞ்சள் தொப்பிக்காரி

என் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. போட்டுப் பார்க்க வீட்டில் மெஷின் கிடையாது. மேலே ஒட்டிய காகிதத்தில் என் மாமியாரின் குண்டு குண்டான கையெழுத்தில் ‘படகு’ என்று ஒரே ஒரு வார்த்தை. அந்த இங்கிலீஷ் உளவாளிப் படங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் அப்படித்தான்: படகு, பனிமலை, ரயில், இன்னொரு ரயில். வருஷக்கணக்காக வந்துகொண்டே இருந்த வரிசை அது. நடிகர்கள் மாறுவார்கள், உளவாளி அவனேதான். மாமியாருக்கு அவன் ‘நம்மாளு’.

தொண்ணூறுகளின் ஆரம்பம். கல்யாணமாகி நான் மயிலாப்பூருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வளைகாப்பு, சீமந்தம் எல்லாம் முடிந்து, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்ப இருந்த வாரத்தில், என் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன். வளைகாப்பு வளையல்களைக் கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அசைத்தால் சத்தம் போடுமே என்று கையை அசைக்காமலே படுத்துக் கிடந்தேன். அழுகையும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், மாமியார் அபிராமபுரத்து வீடியோ கடையிலிருந்து கேசட் போடும் டெக் ஒன்றை வாடகைக்கு எடுத்து ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தை போன வீட்டில் சினிமாவா? அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ பாக்க வேண்டாம். நான் பாக்கறேன். நீ சும்மா பக்கத்துல ஒக்காந்துக்கோ” என்றார். அந்தக் காலத்தில் தன் அண்ணனோடு மவுண்ட் ரோடு தியேட்டர்களில் அந்தப் படங்களை ஒன்று விடாமல் பார்த்தவராம். “எல்லாம் பாத்ததுதான். திரும்பப் பாத்தா தேஞ்சா போயிடும்?”

அப்படித்தான் எங்கள் மதியங்கள் ஆரம்பித்தன. சாப்பிட்டு, அடுக்களை மெழுகி, ஒரு மணிக்கு உட்கார்ந்தால் தண்ணி லாரி வரும்வரை படம். லாரியின் ஹாரன் கேட்டால் உளவாளி மலையுச்சியில் ஒற்றைக் கையால் தொங்கினாலும் சரி, நிறுத்திவிட்டுக் குடத்தோடு ஓடவேண்டும். “தொங்கட்டும், அவனுக்கு ஒண்ணும் ஆகாது” என்பார். ஒருநாள் துக்கம் விசாரிக்க வந்த தூரத்து உறவு மாமி, “போன ஜென்மத்துல என்ன பண்ணினாளோ” என்று என்னைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். மாமியார் டிவியின் சத்தத்தை ஏற்றினார். “சித்த இருங்கோ மாமி, காரைத் துரத்தறான்.” அந்தத் துரத்தல் ஓய்வதற்குள் மாமி காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். மாமியாருக்கு மரியாதை தெரியாதா என்ன? எனக்காக மரியாதை தெரியாதவராக நடந்துகொண்டார்.

‘படகு’ மூன்றாவதோ நான்காவதோ பார்த்த படம். உளவாளிக்கு உதவி செய்யும் ஒரு பெண், மஞ்சள் தொப்பி போட்டவள், குண்டடி பட்டுப் படகிலிருந்து கடலில் விழுகிறாள். தொப்பி மட்டும் அலையில் மிதக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ உடைந்தது. வளையல்கள் குலுங்கக் குலுங்க அழுதேன். மாமியார் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் போனதும், “லாரி சத்தம் கேக்கறது, போய்ப் பாரு” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு குடத்தோடு போனேன். தெருவில் லாரியும் இல்லை, ஒரு ஈ காக்கையும் இல்லை. திரும்பி வந்தபோது கேசட் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. “அவ சாகலை. நீந்திப் போயிட்டா. கடைசியில டேப் சிக்கிண்டிருக்கு, பாக்க முடியாது.”

அடுத்த படத்தில், ஹோட்டல் வாசலில் யாரோ ஒருத்தி கடந்து போனாள். மாமியார் என் தொடையில் தட்டினார். “அதோ! அவதான். தலைமுடி கலர் மாத்திண்டிருக்கா. ஒளிஞ்சிண்டிருக்கணுமோல்லியோ.”

“அம்மா, இது வேற யாரோ.”

“அவன் ஒவ்வொரு தடவையும் வேற மூஞ்சியோட வரான், அதை நம்பறே. இவளை நம்பப்படாதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அதுதான் முதல் சிரிப்பு. அதற்கப்புறம் ஒவ்வொரு படத்திலும் அவளைத் தேடினோம். கடைத்தெருவில், ரயிலில், சூதாட்ட விடுதியின் கூட்டத்தில் எங்கேயாவது அகப்பட்டுவிடுவாள். ஒருமுறை, அவளைத் தேடிக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமியார் சொன்னார்: “எனக்கும் முதல்ல ஒண்ணு போச்சு. மறந்துடுன்னு எல்லாரும் சொன்னா. நான் மறக்கலை. எங்கேயோ இருக்கான்னு வச்சுண்டேன்.” அன்று சாயங்காலம் நானே வளையல்களைக் கழற்றினேன்.

மகன் பிறந்த பிறகும் எங்கள் மதியப் படம் நிற்கவில்லை. கேபிள் வந்து வீடியோ கடையை மூடியபோது, நாங்கள் அடிக்கடி எடுத்த கேசட் என்று கடைக்காரர் ‘படகை’ எங்களுக்கே கொடுத்துவிட்டார். எத்தனை தடவை போட்டாலும், தொப்பி மிதக்கும் இடம் வந்ததும் மாமியார் நிறுத்திவிடுவார். டேப் சிக்கியிருக்கிறதாம். நானும் சோதித்துப் பார்த்ததில்லை.

அவர் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. போன மாதம் மகன் அந்த வரிசை முழுவதையும் டிவியில், அடியில் வசனம் தமிழ் எழுத்தில் ஓடும்படி போட்டுக் கொடுத்தான். தினம் மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ‘படகு’ வந்தது. தொப்பி மிதந்தது. படம் நிற்காமல் ஓடியது. கரையில் அவள் உடல் கிடைத்துவிட்டதாக மேலதிகாரி சொல்கிறார். உளவாளி அந்தத் தொப்பியைக் கையில் வாங்கிக்கொள்கிறான். திரையின் அடியில் எல்லாம் தெளிவான தமிழில் இருந்தது. அந்தக் காட்சிக்கு முன்னால்தான் என்னை இல்லாத லாரியைப் பார்க்க அனுப்பியிருக்கிறார். முடிவு தெரிந்தே, அதை என் கண்ணில் படவிடாமல் இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறார். “அம்மா” என்று வாய்விட்டு அழுதேன். பெற்றவள்கூட எனக்காக இவ்வளவு அழகாகப் பொய் சொன்னதில்லை.

பிறகு எழுந்து பீரோவைத் திறந்து கேசட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த படத்தைப் போட்டேன். ஏதோ ஊர்ச் சந்தை, நல்ல கூட்டம். இந்தத் தடவை நான் தேடியது தொப்பிக்காரியை இல்லை. நரைத்த தலையோடு, கையில் பையோடு ஒரு பாட்டி நிதானமாகத் தெருவைக் கடந்து போனாள். மாமியார் ஜாடை கொஞ்சமும் இல்லை. இல்லாவிட்டால் என்ன?

“அதோ!” என்றேன்.