சிவப்புக் கோட்டுக்குக் கீழே

போன திங்கட்கிழமை பேராதனையில் பஸ் அசையவே இல்லை. பாடசாலைக்கு வந்து சேர ஏழே முக்கால். ஏழரைக்கே ஆசிரியர் வரவுப் புத்தகத்தில் அதிபர் சிவப்புக் கோடு கிழித்துவிடுவார். பிந்தி வந்தவர்கள் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த வெட்கத்துக்கு... அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பிவிடலாமா?

இப்படி யோசித்துக்கொண்டே வருகிறேன் — கேட் பக்கமிருந்து ஒரு பிள்ளை திரும்பி நடக்கிறாள். என் பத்தாம் வகுப்பு யோகேஸ்வரி. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவள்.

"எங்க மகள் போறீங்க?"

"லேட்டாயிருச்சு டீச்சர். உள்ள வந்தா கேட்டுல நிக்க வைப்பாங்க. வராட்டி யாரும் ஒன்னும் கேக்கமாட்டாங்க. அதான் வீட்டுக்குப் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. கேட்டில் நிற்க வைக்கும் ஏற்பாடே என்னுடையதுதான்! ஒரு செமினாரில் நடத்தைவாத உளவியல் கேட்டுவிட்டு வந்த உற்சாகம். நேரத்துக்கு வந்தால் வகுப்பு அட்டவணையில் ஒரு ஸ்டார். பிந்தினால் காலைக்கூட்டம் முடியும்வரை கேட்டில். நல்ல பழக்கம் தானாக வளரும் என்று இதே பத்திரிகைப் பத்தியில் முன்பு பெருமையடித்திருந்தேன். பாராட்டி எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும்.

யோகேஸ்வரி நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள் — நேரத்துக்கு வருவதை அல்ல, வராமல் இருப்பதை. தங்கச்சியை முன்பள்ளியில் விட்டுவிட்டு மலையிறங்குகிற பிள்ளை. அந்த மாதம் வந்த நாளைவிட வராத நாள் கூட. இப்படியே போனால் மாணவர் வரவு இடாப்பில் பெயரை வெட்டிவிடுவார்கள். அதோடு படிப்பு முடிந்தது.

சரி, நான் மட்டும்? சம்பளம் வாங்குகிற டீச்சர், அவளைப் போலவே திரும்பிப் போகத்தானே பார்த்தேன்?

இரண்டு பேருமாக உள்ளே போனோம். நான் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

நடத்தைவாதத்தில் பிழையில்லை. எதைத் தண்டிக்கிறோம் என்று நான்தான் பார்க்கவில்லை. அன்றே கேட் தண்டனையை நிறுத்தினேன். பிந்தினாலும் வந்ததற்கு ஒரு ஸ்டார். நேற்றைவிட முந்தி வந்தால் இன்னொன்று. ஒழுக்கம் கெட்டுவிடும் என்று அதிபர் கடிந்துகொண்டார். ஒரு தவணைக் காலம் தாருங்கள், சரிவராவிட்டால் நானே கேட்டில் நிற்கிறேன் என்றேன். நானும் விடுவதாக இல்லை.

யோகேஸ்வரி அந்த வாரம் ஐந்து நாளும் வந்தாள். ஒரு நாளாவது நேரத்துக்கு? இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை எட்டே நிமிடம்தான் தாமதம். தன் ஸ்டார்களைத் தானே ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"திங்கக்கெழம நீங்களும் லேட்டாத்தானே வந்தீங்க டீச்சர். ஒங்களுக்கு ஒட்டலையே?"

அட்டவணையின் அடியில் இப்போது என் பெயரும் இருக்கிறது.