பூசணி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

என் சித்திக்கு வேலை, கேட்டுக்கொண்டிருப்பது. ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பெரிய திரையில், வரைந்து செய்த ஒரு வட்டப் பொம்மை முகம் வந்து, "வணக்கம், உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்கும். அது வாயசைத்துப் பேசுவதை வேறு ஆட்கள் கவனித்துக்கொள்கிறார்கள். எதிரே நிற்பவர் பேசும்போது அது எப்படி நிற்க வேண்டும், எப்போது இமைக்க வேண்டும், எவ்வளவு தலையாட்டலாம் என்பதையெல்லாம் வரைவது சித்தியின் இலாகா. ஆபீசில் அந்த முகத்துக்குப் பெயர் பூசணி.

வருஷக்கணக்காக ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் வந்து இறங்கியது சித்தி வீட்டில்தான். வந்த அன்றைக்கே, அவள் கண்ணாடி முன்னால் தலையைச் சாய்த்து, கண்ணை அகல விரித்து, "ம்... ம்..." என்று நிற்பதைப் பார்த்துப் பயந்துபோனேன்.

"பேய் கீய் பிடிச்சிருக்கா சித்தி?"

"கேக்குறேன்டி. கேக்குறப்ப மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்குறேன். நீ வாய்க்கு வந்ததைச் சொல்லு."

சொன்னேன். அப்படி ஒருத்தி கண் கொட்டாமல் கேட்டால் யாருக்குத்தான் நிறுத்த மனசு வரும்? பேசிப் பேசியே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

சித்தப்பாவுக்குத் திக்குவாய். பூட்டு ரிப்பேர் பார்க்கிறார். பூட்டு பதில் கேட்காது என்பதால்தான் இந்தத் தொழில் என்று அவரே சிரிப்பார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அவர் சொல்லவந்ததைப் பாதியில் பிடுங்கி முடித்து வைப்போம். சித்தி ஒருத்திதான் பிடுங்கமாட்டாள். செய்கிற வேலையை விட்டுவிட்டு, அவர் வாயையே பார்த்தபடி காத்திருப்பாள்.

ஆனால் வெளியே போனால் கதை வேறு. டாக்டர் அவரைப் பார்த்துக் கேள்வி கேட்பார், பதிலுக்குச் சித்தியைப் பார்ப்பார். இப்போது தோள்பட்டையில் வலி. "இவர் வலியை இவரே ஒரு தடவையாவது சொல்லணும்டி," என்பாள். அதற்காகவே, ஆபீசில் புரோகிராம் எழுதும் மொட்டையிடம் கெஞ்சிக் கூத்தாடி, பூசணி குறுக்கே பேசாமல் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்படி செய்துவிட்டாள்.

சித்தப்பா ஆஸ்பத்திரித் திரை முன்னால் போய் நின்றார். "தோ... தோ..." என்றார். பூசணி முன்னால் சாய்ந்து, கண்ணை அகல விரித்து, அவர் வாயையே பார்த்தது. சித்தி கண்ணாடியில் பார்த்து வரைந்த அதே முகம். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பா இன்னும் இரண்டு முறை முயன்றார். பிறகு திரும்பி விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் சித்தி கட்டிலில் குவிந்திருந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, அது குறுக்க பேசலியே?"

"பேசல."

"அப்புறம் என்னவாம்?"

"அது உ... உன்ன மாதிரியே பாக்குது."

"அதுக்குத்தானே ராப்பகலா உழைச்சேன்!"

"நீ அப்படிப் பாக்குறப்பதான் எனக்கு இன்னும் சி... சிக்கிக்குது."

சித்தியின் கை சட்டைக் காலரில் நின்றுவிட்டது. ஆனாலும் தலையைத் தூக்கவில்லை.

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீ ஆசையா பாக்குற. எ... எப்படிச் சொல்றது?"

"இப்ப மட்டும் எப்படி வந்துச்சாம்?"

"நீ சட்டையைத்தானே பாத்துட்டிருந்தே."

சித்தி அந்தச் சட்டையை மறுபடி விரித்து, மறுபடி மடித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

மறுநாளே கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாத பூசணிக்குக் கை வரைய உட்கார்ந்தாள். எதிரே நிற்பவர் பேச்சு நின்றால், பூசணி கண்ணைத் தாழ்த்தி ஒரு துண்டை மடிக்க ஆரம்பிக்கும். பேச்சு முழுசாக வந்ததும் நிமிரும். "பூசணிக்குக் கை முளைச்சாச்சு. அடுத்து கல்யாணம்தான்," என்றான் மொட்டை. மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை.

"கீழ பாத்தா, நம்மள மதிக்கலைன்னு நினைப்பாங்க மேடம்."

"உத்துப் பாத்தா, அவசரப்படுத்துறோம்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க சார்."

"பாதியில விட்டுட்டுப் போறவங்க கூடினா அன்னிக்கே எடுத்துடுவேன்."

மறுபடி பூசணி முன்னால் போய் நிற்கச் சித்தப்பா மசியவே இல்லை. கடைசியில் தோள் வலிதான் அவரைக் கிளப்பியது. ஆஸ்பத்திரியில் நானும் சித்தியும் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தோம். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நீ பாத்துச் சொல்லுடி."

"நானும் பாக்கக் கூடாதுல்ல?"

"ஓரக்கண்ணால பாரேன், பெரிய இவ!"

"தோ..." என்று சித்தப்பாவின் பேச்சு நின்றது. பூசணி கண்ணைத் தாழ்த்தித் துண்டை எடுத்தது. பின்னால் வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். மறுபடி, "தோ... தோ..." பூசணி முனையோடு முனை சேர்த்து, நிதானமாக நீவிவிட்டது. சித்தி என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தாள்.

"தோள்பட்டை வலி. கை மேல தூ... தூக்க முடியல."

பூசணி நிமிர்ந்து, எந்த அறை என்று சொல்லித் திரைக்குக் கீழே ஒரு சீட்டைத் தள்ளியது. சித்தி பழக்கதோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சித்தப்பா கையை அமர்த்திக் காட்டினார், உட்கார் என்று. தனியாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சித்தி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"உள்ள என்னடி பேசிட்டிருப்பாரு?"

"உங்களைப் பத்திக் குறை சொல்லிட்டிருப்பாரு."

"சொல்லட்டும்," என்றாள் சித்தி. "முழுசா சொல்லட்டும்."