பந்தை விட்ட இடத்திலேயே

பகல் முழுக்க அரிசி மூட்டை சுமந்த தோளோடு காற்பந்து விளையாடப் போவது எவ்வளவு அலுப்பு என்று சுமந்தவனுக்குத்தான் தெரியும். எனக்கு மலாக்கா ஆற்றங்கரையில் ஒரு கிடங்கில் வேலை. படகிலிருந்து மூட்டையைத் தோளில் ஏற்றி, ஆடுகிற பலகை மேல் நடந்து, உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டும். மாலையில் சைக்கிளை மிதித்து எங்கள் குடியிருப்பான காஜா பேராங் வந்து சேரும்போது கால்கள் மரத்துப் போயிருக்கும். ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் நேரே திடலுக்குப் போவேன். மற்றவர்களும் அதே அலுப்போடுதான் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். நாடு சுதந்திரம் அடைந்த சமயம். ஊரெல்லாம் புதுக் கொடி, புதுப் பேச்சு. எங்கள் அணி மட்டும் பழையபடியே தோற்றுக்கொண்டிருந்தது.

எங்கள் கோல்கீப்பர் என் அக்காவின் கணவர். தையல் வேலை செய்பவர். எங்கள் ஆட்டம் எப்படி என்றால், எதிரியின் கோல் பக்கம் பந்தைப் பறிகொடுத்ததும் எல்லோரும் திரும்பி எங்கள் கோலை நோக்கி ஓடி வந்துவிடுவோம். அவர்களுடைய ஆள் பந்தை நிதானமாக நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, உலாப் போகிறவன்போலக் கொண்டு வருவான். நாங்கள் கோலுக்கு முன்னால் கூட்டமாக மூச்சு வாங்கி நிற்போம். அடி மேல் அடியாகப் பந்து வரும். எல்லாம் மச்சான் கைக்குத்தான்.

ஒரு திங்கட்கிழமை அவருடைய விரல்கள் வீங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய்விட்டது. அவசரமாகக் கொடுக்க வேண்டிய பள்ளிக் கால்சட்டைகளை அக்காதான் தைத்து முடித்தாள். நான் போனபோது அவள் தையல் மிஷினை விட்டு நிமிரவேயில்லை.

"ஒன் மச்சான்கிட்ட சொல்லி வை. ஒன்னு இந்த மிஷினு, இல்ல அந்தப் பந்து. ரெண்டும் இந்தக் கையி தாங்காது."

மச்சான் வெந்நீரில் கையை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் திடலில் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"இனிமே பந்து போச்சுன்னா யாரும் என்கிட்ட ஓடி வராதீங்க. போன எடத்துலயே அவன வெரட்டுங்க. திரும்பிப் பாக்க விடாதீங்க."

எங்கள் நடு ஆட்டக்காரர், ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர், புல்லில் சாய்ந்தபடியே சொன்னார்: "அண்ணே, காலைலேருந்து நின்ன காலு இது. இன்னும் ஓடச் சொல்றீங்களே, ஞாயமா?"

"இப்ப மட்டும் ஓடாமலா இருக்கீங்க? முழுத் திடலும் பின்னால ஓடி வர்றீங்க, அப்புறம் முழுத் திடலும் முன்னால போறீங்க. நான் கேக்கறது பக்கத்துல நிக்கிற ஆள்கிட்ட நாலு எட்டு போறதுதான்."

ஒவ்வொருவராக எழுந்து நின்றோம். எதிர்த்துப் பேசுவதற்கும் தெம்பு வேண்டுமே.

முதல் ஆட்டத்தில் அது படுதோல்வியில் முடிந்தது. பந்து பறிபோனதும் நான் பாய்ந்தேன். மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எதிரி பந்தைப் பக்கத்தில் நின்றவனுக்குத் தட்டிவிட்டான். அவனிடம் ஓடினேன். அவன் மூன்றாமவனுக்குத் தட்டினான். கன்றுக்குட்டியை அலையவிட்டது போல் என்னை அலையவிட்டார்கள். அன்று மச்சானுக்குப் பந்து முன்னைவிட அதிகமாகவே வந்தது.

ஆட்டம் முடிந்ததும் இடது ஓர ஆட்டக்காரர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவர் செட்டி கம்போங்கைச் சேர்ந்தவர்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர்களின் ஊர் அது. வீட்டிலும் வெளியிலும் மலாய்தான் பேசுவார். "ஜாங்ஙான் லாரி சோராங்!" என்று கத்தினார். தனியாக ஓடாதே என்று. பிறகு மண்ணில் கூழாங்கற்களை வைத்துக் காட்டினார். கிட்டே இருப்பவன் பந்தோடு நிற்பவனை மறிக்க வேண்டும். அதே நொடியில் மற்ற இருவர் அவன் தட்டிவிடக்கூடிய ஆட்களை ஒட்டி நிற்க வேண்டும். பின்வரிசையும் ஏறி வர வேண்டும். வரிசைகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் எல்லாம் வீண்.

"அப்ப எனக்குப் பின்னால யாரு?" என்று பின்வரிசை ஆள் கேட்டார்.

"நான் இருக்கேன். கோல விட்டு வெளிய வந்து நிப்பேன்" என்றார் மச்சான்.

வாரக்கணக்கில் அதையே பழகினோம். கிடங்கில் சில நாள் பலகை மேல் நின்றபடியே கண் சொக்கும். பிறகு ஓர் ஆட்டத்தில் அது கைகூடி வந்தது. எதிரியின் பின்வரிசை ஆள் வழக்கம்போலப் பந்தை நிறுத்தித் தலையைத் தூக்கினார். தூக்கியபோது எதிரே துணிக்கடைக்காரர் நின்றார். இடப்பக்கம் செட்டி கம்போங்காரர், வலப்பக்கம் நான். பதறிப்போய் உதைத்த பந்து என் காலிலேயே வந்து விழுந்தது. கோல் கம்பம் கிட்டத்தில் இருந்தது. ஒரே ஒரு பாஸ், கோல்.

நாங்கள் திறமைசாலிகளாகிவிடவில்லை. எங்கள் பாஸ் பழைய கோணல் பாஸ்தான். ஆனால் பந்து அவர்கள் கோலுக்குப் பக்கத்தில் கிடைத்ததால் கோணல் பாஸே போதுமானதாக இருந்தது. பாதி நேரத்துக்குப் பிறகு மூச்சு முட்டிப் படுத்துவிடுகிறோம் என்பதையும் தெரிந்துகொண்டோம். அதனால் பந்தைப் பிடுங்கியதும் எல்லா நேரமும் பாயாமல், ஒருவருக்கொருவர் மெல்லத் தட்டி இளைப்பாறினோம். பந்து நம்மிடம் இருக்கிறவரை யாரையும் விரட்ட வேண்டியதில்லை. அக்காவும் முணுமுணுப்பதை நிறுத்தினாள். மச்சான் விரல்களில் வீக்கம் வடிந்துவிட்டது.

சுதந்திரக் கொண்டாட்டத்தை ஒட்டி நடந்த கிண்ணப் போட்டியில் இறுதி ஆட்டம்வரை போனோம். அன்று மழை. திடல் சேறாகிவிட்டது. முதல் பாதியில் ஒரு கோல் போட்டோம். கடைசிக் கட்டத்தில் எனக்குக் கால் நகரவில்லை. நான் மறிக்க வேண்டிய ஆள் கண்முன்னாலேயே பந்தைத் தூக்கி அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து எங்கள் பின்வரிசையைத் தாண்டி விழுந்தது. அவர்களுடைய முன்னாட்டக்காரன் தனியே பாய்ந்தான். மச்சான் கோலை விட்டு வெகுதூரம் ஓடி வந்தார். கையால் தொட முடியாத இடம். சேற்றில் சறுக்கிக்கொண்டே போய்க் காலால் உதைத்தார். பந்து வெளியே பறந்தது. அவன் அவர் மேலேயே விழுந்தான்.

ஜெயித்தோம். யாரும் துள்ளவில்லை. சேற்றில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே இருந்தோம். மச்சானின் கணுக்கால் வீங்கிப் புடைத்திருந்தது. அவரைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"கை நல்லாதான் இருக்கு" என்றார் மச்சான்.

"மிஷின கையாலயா மிதிப்பீங்க?" என்றாள் அவள். பிறகு சிரித்துவிட்டாள். அதுவும் அலுத்த சிரிப்புதான்.

கால் ஆறும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்க, அவர் துணியைத் தள்ளித் தைத்தார். கால் ஆறிய பிறகும் அவர் கோலுக்குத் திரும்பவில்லை; மிஷினோடு இருந்துவிட்டார்.

அடுத்த பருவத்தில் ஊரிலுள்ள அணிகள் எல்லாமே எங்களைப்போல விரட்டத் தொடங்கின. நாங்கள் பந்தைத் தொட்டு நிமிர்வதற்குள் மூன்று பேர் வந்து நின்றார்கள். அவர்களில் பலர் வயதில் சின்னவர்கள், பகலில் மூட்டை தூக்காதவர்கள். முதல் சுற்றிலேயே தோற்றோம். துணிக்கடைக்காரர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "நல்லா வெரட்டுறானுங்க, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த ஆட்டத்தில் ஓடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.