சம்பள நாளில் பொன்மலை வாசல்

இன்று சம்பள நாள். வீட்டுக்காரர் பணம் சீட்டாட்டத்துக்குப் போவதற்குள் பிடித்துவிட, மற்ற மனைவிமார்களோடு நானும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றேன்.

சங்கு ஊதியது. ஆண்கள் கூட்டம் கலைந்தபின் பக்கத்து வீட்டு சரோஜா வந்தாள். புருஷன் இறந்ததும் அவளுக்கு உள்ளே ஆபீஸில் வேலை கொடுத்தார்கள். தன் சம்பளத்தைத் தானே பர்ஸில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கப் புறப்பட்டிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. தாலியோடு நின்றுகொண்டு, தாலியில்லாதவளைப் பார்த்தா? ஆமாம், அவளைப் பார்த்துத்தான்.

"இன்னும் நிக்கிறீங்களாக்கா? அண்ணன் பின்பக்க கேட் வழியா அப்பவே போயிட்டாரே. அரிசிக்கு ரெண்டு ரூபா தரட்டுங்களா?" என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.

ஆண் துணையில்லாத வீடு என்று தெருவே அவளுக்காகத்தான் பரிதாபப்படுகிறது. என் வீட்டுக்கு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.